நாபோரும் பதினோரு மாடுகளும்

எங்கள் பாலைவனத்துக் காபோர்கா ஊரில் நாபோர் செலாயா என்று கேட்டால் எந்த நாபோர் என்பார்கள். ஐஸ் ஆலை நாபோர் என்றால் பாதிப் பேருக்குத் தெரியும். திரும்பி நாபோர் என்றால் எல்லோருக்கும் தெரியும். பூசைக்குக் கிளம்பிப் பாதி வழி போவான், அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி வந்து பார்ப்பான். ஆலையில் குளிர் அறைக் கதவை மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் வீட்டுக்கு வந்ததில்லை. மகள் எல்விராவின் கல்யாணத்தன்று அவளைக் கைபிடித்துக் கோயிலுக்கு அழைத்துப் போனவன் தெருமுனையில் நின்றான். கொல்லைக் குழாயை மூடினோமா என்று சந்தேகம். கல்யாணப் பெண் வெயிலில் பத்து நிமிஷம் நின்றாள். அவன் பெண்டாட்டி லிப்ராதா யார் வீட்டு வாசல்படியிலோ உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைத் தடவிக்கொண்டாள். எல்லோரும் சிரித்தோம். அவனும்தான் சிரித்தான். ஆனால் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தான்.

அவன் எனக்குச் சித்தப்பா மகன். எங்கள் தாத்தாவுக்கு இரண்டு தாரம். மூத்தவளுக்குப் பிறந்தவர் என் அப்பா, இளையவளுக்குப் பிறந்தவர் எபிபானியோ சித்தப்பா. வயிறு வேறானாலும் இரண்டு பேரும் ஒரே சேணத்தைத்தான் மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டினார்கள் என்று என் அம்மா சொல்வாள். சித்தப்பாவுக்குப் பிள்ளைகள் இரண்டே பேர். மூத்தவன் எவெரார்தோ, சின்னவன் நாபோர். செலாயா வம்சத்தில் ஆண்பிள்ளை என்றால் மாட்டைப் பார்த்ததும் அதன் சூட்டுக்குறியைப் பார்க்கக் குனிவான். நாபோர் மட்டும் மாட்டைக் கண்டால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வான். இருபத்தொன்பது வருஷம் ஐஸ் கட்டியை அறுத்துக்கொண்டிருந்தான். குளிரில் விரல் நுனிகள் வெளுத்துப் போயிருக்கும். மாட்டுக்காரன் மகன் ஏன் இப்படி ஆனான் என்று கேட்டவர்களுக்கு, வெயில் போதும் என்று ஆகிவிட்டது என்பான்.

உண்மைக் காரணம் லிப்ராதாவுக்கு மட்டும் தெரியும். முப்பத்தோரு வருஷம் கழித்துத்தான் அவள் எனக்குச் சொன்னாள். அதைச் சொல்வதற்கு முன்னால் பொறிவாசலைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எங்கள் பாலைவனத்தில் மாட்டை விரட்டிப் பிடிக்க முடியாது. முள்ளுக்குள் புகுந்துவிடும். துரத்திப் போனால் குதிரைக்குக் கண் போகும், ஆளுக்கு முழங்கால் போகும். அதனால் தண்ணீரை வைத்துத்தான் பிடிப்போம். சித்தப்பாவின் லா நோரியா பண்ணையில் காற்றாடி தண்ணீர் இறைத்துக் கொட்டும் தொட்டியைச் சுற்றிக் கருவேலங்கட்டையால் ஒரு பட்டி. அதற்கு ஒரே ஒரு வாசல். வாசலின் இரு பக்கமும் முனை சீவிய நீளக் கழிகள் உள்பக்கமாகச் சாய்ந்து நிற்கும். மாடு தலையை நீட்டித் தள்ளினால் கழிகள் வளைந்து வழிவிடும், அது உள்ளே போனதும் மறுபடி சேர்ந்துகொள்ளும். வெளியே வரப் பார்த்தால் முனைகள் நெஞ்சில் குத்தும். பெரிய எலிப்பொறி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடித்து முடித்ததும் கழிகளை விரித்து இழுத்துத் தூணோடு கம்பியால் கட்டிவிட வேண்டும். அப்போதுதான் மாடுகள் வந்து குடித்துவிட்டுத் திரும்பிப் போகும். கட்டாமல் விட்டால் தாகத்தோடு வருகிற ஒவ்வொரு மாடும் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். குடிக்கத் தண்ணீர் இருக்கும், கடிக்க ஒரு புல் இருக்காது. பண்ணையை விட்டுக் கடைசியாகக் கிளம்புகிறவன்தான் கட்ட வேண்டும். இதை எங்கள் பக்கம் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, கைக்கே தெரிந்திருக்கும்.

இரண்டு கோடையாக ஒரு சொட்டு மழை இல்லாத வருஷம் அது. சித்தப்பா பண்ணையை விடுவது என்று முடிவு செய்தார். ரொட்டி சுட்டுப்போட ஆள் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார். ஒரு வாரம் பொறி வைத்ததில் நாற்பத்திரண்டு மாடுகள் வந்தன, லாரியில் ஏற்றி அனுப்பினோம். பதினோரு மாடுகள் வரவே இல்லை. மலையடிவாரத்தில் திரிந்து காட்டு மாடாகவே ஆகிவிட்டவை. போகட்டும், தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், மழை பெய்தால் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார் சித்தப்பா.

கிளம்புகிற நேரத்தில் எல்விராவைத் தேள் கொட்டிவிட்டது. அப்போது அவளுக்கு நாலு வயசு. வாயில் நுரை தள்ளியது. ஆஸ்பத்திரி இருக்கிற ஆல்தார் ஊருக்கு இரண்டு மணி நேரப் பயணம். லாரிக்காரன் வண்டியைக் கிளப்பிவிட்டான். எவெரார்தோ சமையல் பாத்திரங்களை அப்படியே வாரிப் பின்னால் எறிந்தான். பட்டிப் பக்கம் நின்றிருந்த நாபோர் ஓடி வந்து லிப்ராதா கையிலிருந்து பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டான். வண்டி நகர்ந்த பிறகு சித்தப்பா முன்னாலிருந்து திரும்பிக் கேட்டார்.

"வாசலைக் கட்டிட்டியாடா?"

"கட்டிட்டேன்ப்பா."

நானும் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிள்ளை பிழைத்தது, அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எழவில்லை.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போதுதான் நாபோருக்கு உறைத்திருக்கிறது. கம்பியைக் கையில் எடுத்ததாக ஞாபகமே இல்லை. எடுத்தோமா, பிள்ளை அலறியதும் போட்டுவிட்டு ஓடினோமா? யோசிக்க யோசிக்க ஞாபகம் கலங்கியது. அப்பாவிடம் போய், பொய் சொல்லிவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. லாரியும் போய்விட்டது, எங்களிடம் வேறு வண்டி இல்லை. ஒன்பதாம் நாள் ஒரு பால் வண்டியில் கெஞ்சி ஏறிப் பண்ணைக்குப் பிரிகிற பாதைவரை போயிருக்கிறான். அங்கிருந்து நடக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தால் காற்றாடி இருக்கிற திசையில் வானத்தில் கழுகுகள் வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. அந்த இடத்திலேயே திரும்பிவிட்டான்.

அந்த வருஷம் மழைக்கு முன்னாலேயே சித்தப்பா கண்ணை மூடினார். மகன் வாசலைக் கட்டினான் என்ற நம்பிக்கையோடுதான் போனார். எவெரார்தோ எல்லைக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். லா நோரியாவுக்கு யாரும் திரும்பவில்லை.

போன வருஷம் எவெரார்தோவும் இறந்துவிட, பத்திரம் இன்னும் சித்தப்பா பெயரிலேயே இருப்பது தெரிந்தது. அளந்து புதுப் பத்திரம் போட வேண்டும். எல்லைக்கல் நாலும் எங்கே என்று தெரிந்த ஆள் நாபோர் ஒருவன்தான். சர்வேயர் இரண்டு தடவை வந்து கூப்பிட்டார். முழங்கால் வலி என்றான், கண்புரை என்றான். நான் போய்ச் சத்தம் போட்டேன். அண்ணன் பிள்ளைகளுக்கு இதுகூடச் செய்ய மாட்டாயா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். லிப்ராதா என் கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துப் போய்த்தான் எல்லாவற்றையும் சொன்னாள்.

"முழங்கால் இல்லக்கா. முப்பத்தோரு வருஷமா எங்க கட்டில்ல அந்தப் பதினோரு மாடும் சேந்துதான் படுக்குது. நான் சுவரோரம் ஒண்டிக்கிட்டுக் கிடக்கேன்."

அவளைக் கட்டிக்கொண்டேன். பிறகு உள்ளே போய் அவனிடம், எனக்கு எல்லாம் தெரியும், போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம், எலும்புதானே இருக்கும், எலும்பு ஒன்றும் பேசாது என்றேன். அவன் லிப்ராதாவைப் பார்த்தான். அவள் வண்டிச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

நவம்பர் மாதம், இதமான காலை. லிப்ராதாதான் ஓட்டினாள். நாபோர் நடுவில், நான் கதவோரம், சர்வேயர் தன் வண்டியில் பின்னால். பாதை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. கள்ளிகளுக்கு நடுவில் வாய்க்கால் மாதிரி ஒரு தடம். இரண்டு இடத்தில் நான் இறங்கிக் கல்லைப் புரட்டினேன்.

முதல் மூன்று எல்லைக்கல்லையும் நாபோர் காட்டிவிட்டான். புதருக்குள் குச்சியை விட்டுத் தட்டி, இதோ என்பான். சர்வேயர் சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். எப்படி ஐயா இது ஞாபகம் இருக்கிறது என்று ஆச்சரியப்பட்டார். இதெல்லாம் இருக்கிறது என்று நாபோர் முணுமுணுத்தான். நாலாவது கல் பட்டிக்குப் பின்னால். அதற்கு வந்ததும் ஒரு பாறை மேல் உட்கார்ந்துவிட்டான். காலை நீட்டி ஷூவுக்குள் மணல் என்றான். மணலைக் கொட்டினான், மறுபடி போட்டான், மறுபடி கழற்றினான். சர்வேயர் தன் கருவியோடு மேட்டுப் பக்கம் போய்விட்டார்.

லிப்ராதா சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தனியாகப் பட்டியை நோக்கி நடந்தாள். காற்றாடியின் தலை கழன்று தொட்டிக்குள் விழுந்து கிடந்தது. அவள் வாசலருகே நின்றாள். ரொம்ப நேரம் அப்படியே நின்றாள். நாபோர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை, ஷூவின் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கிழவா, வந்து பாரு," என்றாள்.

"நீயே சொல்லிடு."

"சொல்ல மாட்டேன். எந்திரிச்சு வா."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அறுபத்தெட்டு வயசு ஆள், சின்னப் பிள்ளை மாதிரி என்னோடு நடந்து வந்தான்.

வாசல் கட்டப்படவில்லை. கழிகள் உள்பக்கம் சாய்ந்து சேர்ந்தபடி, பொறி வைத்தபடியே நின்றன. கட்டுக்கம்பி தூணில் அடித்த ஆணியில் துருப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொடாமல்தான் ஓடி வந்திருக்கிறான். அதைக் கண்டதும் அவன் உடம்பின் கனம் முழுவதும் என் கையில் இறங்கியது. பிடிக்க முடியாமல் நானும் கூடவே சரிந்தேன். இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்தோம்.

"எலும்பை எண்ணினியா?" என்று கேட்டான்.

"எண்ணிட்டேன். ஒண்ணுதான் இருக்கு."

அவன் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. லிப்ராதா கழிகளை விலக்கிப் பிடித்துக்கொண்டாள், இருவரும் குனிந்து உள்ளே போனோம். ஒரே ஒரு மண்டையோடு. ஒரு கொம்பு கீழே வளைந்து கன்னத்தைத் தொட்டபடி. நாலைந்து விலா எலும்பு. மற்றபடி வெறும் மணல், நெருஞ்சி முள், ஓர் எலி வளை. நரி இழுத்துப் போயிருக்கும் என்றான் நாபோர். பத்து மாட்டை நரி இழுக்குமா என்றாள் லிப்ராதா. வேலியை உடைத்துக்கொண்டு போயிருக்கலாமே என்றேன் நான். அப்போதுதான் பின்பக்கத்தைப் பார்த்தோம்.

பின்வேலியில் இரண்டு தூணுக்கு நடுவில் கட்டைகளே இல்லை. ஓர் ஆள் அகலத்துக்கு இல்லை, ஒரு வண்டி அகலத்துக்குத் திறப்பு. அந்தக் கட்டைகள் உடைந்து கிடக்கவில்லை. தூணுக்குப் பக்கத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக, நீளம் பார்த்து அடுக்கப்பட்டிருந்தன. கட்டியிருந்த தோல்வார்கூடச் சுருட்டி மேலே வைக்கப்பட்டிருந்த அடையாளம் இருந்தது, வார் மக்கிப் போய் வளையம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது.

நாபோர் அந்த அடுக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

"மாடு அடுக்கி வைக்காது," என்றான்.

"நரியும் அடுக்காது," என்றாள் லிப்ராதா.

"யாரு அப்ப?"

மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணம் வந்தது. எங்கள் பாலைவனத்தில் ஆளில்லாத வீட்டைப் பூட்டுவதில்லை. உப்பும் தீப்பெட்டியும் காப்பித்தூளும் வைத்துவிட்டுத்தான் போவோம். வழியில் போகிறவன் உள்ளே போய்ச் சமைத்துச் சாப்பிடலாம். ஆனால் எதை எடுத்தாலும் எதைத் தொட்டாலும் அடுப்படிச் சுவரில் கரியால் எழுதிவிட்டுப் போக வேண்டும். எழுதத் தெரியாதவன் படமாவது போட்டுவிட்டுப் போவான்.

வீட்டை நோக்கி நடந்தோம். நாபோர் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான். கூரைத் தகரம் ஒன்றுகூட இல்லை, உத்திரங்கள் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. சித்தப்பா படுத்த அறையில் மழை இறங்கி மண்சுவர் பாதி கரைந்து திண்டு மாதிரி ஆகியிருந்தது. இரும்புக் கட்டிலின் கால்கள் மண்ணுக்குள். எவெரார்தோவின் அறையில் ஆந்தை எச்சம். அடுப்படிக்கு மட்டும் மேலே பழைய காலத்து மண்கூரை, தகரம் இல்லாததால் அதை யாரும் திருடவில்லை. அது தாங்கியிருந்தது. அடுப்பின் புகைக்கூண்டுக்குள் தேனீ கூடு வைத்து ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. நான் ரொட்டி சுட்ட இரும்புத் தட்டு மூலையில் கிடந்தது, அடியில் ஒரு கை அகல ஓட்டை.

சுவர் நிறைய எழுத்து. ஒன்றின்மேல் ஒன்று. தீப்பெட்டி எடுத்தேன், பன்றி வேட்டைக்காரர் மூவர். ஒரு ராத்திரி தங்கினோம், கடவுள் கொடுப்பார். ஒரு கழுதைப் படம், பக்கத்தில் இரண்டு கோடு. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், நாபோருக்குக் கண்புரை. லிப்ராதாதான் கன்னத்தைச் சுவரோடு ஒட்டினாற்போல் வைத்து மேலிருந்து கீழே தேடினாள். ஜன்னலுக்குக் கீழே, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் அவள் கண் நின்றது. எழுதியவன் உட்கார்ந்தே எழுதியிருக்க வேண்டும். சத்தமாகப் படித்தாள்.

"பட்டிக்குள்ள பதினோரு மாடு. ரெண்டு நாள் பாத்தேன், ஆளு வரல. ஒரு கெழமாடு செத்துருச்சு. பின்வேலியப் பிரிச்சுப் பத்தையும் வெளிய விட்டேன். அடுத்தவர் பொறி, வாசலத் தொடல. காப்பித்தூள் ரெண்டு கை எடுத்தேன். எலிகியோ, கரி சுடுறவன், பித்திகீத்தோ ஊரு."

கீழே தேதி. நாங்கள் கிளம்பிய ஆறாம் நாள்.

மறுபடி படி என்றான் நாபோர். படித்தாள். பத்து என்கிற இடத்தை மட்டும் மறுபடி படி என்றான். அதையும் படித்தாள். அவன் அடுப்புத் திட்டில் உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்துப் பார்த்தான். பத்து விரல். ஒவ்வொன்றாக மடக்கினான். அப்புறம் முகத்தை அந்தக் கைகளுக்குள் வைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. லிப்ராதா பக்கத்தில் போகவில்லை, ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், தூசி என்றாள். நான் தேனீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே எழுந்து பட்டிக்குப் போனான். அந்த மண்டையோட்டைத் தூக்கி வளைந்த கொம்பைத் திருப்பிப் பார்த்தான். இது தன் அம்மா வளர்த்த மாடு, எவெரார்தோ பிறந்த வருஷத்துக் கன்று இல்லை, அதற்கு அடுத்ததின் மகள், எப்படியும் அந்தக் கோடையைத் தாண்டியிருக்காது, வாயில் பல்லே இல்லை என்று எனக்கு விளக்கினான். அதைத் தேடித்தான் கழுகு வந்திருக்கும் என்றான்.

"இப்பவே வக்கீல் வச்சாச்சு," என்றாள் லிப்ராதா.

"ஒண்ணுக்கு நான்தான் காரணம், இல்லேங்கல. பதினொண்ணுக்கு இல்லல்ல."

"இல்ல," என்றாள் அவள். "பதினொண்ணுக்கு இல்ல."

மண்டையோட்டை அவன் எடுத்த இடத்திலேயே வைத்தான். ஆணியிலிருந்த கம்பியை எடுத்தான். கையில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. வண்டியிலிருந்து ஒரு கயிறு கேட்டான். கழிகளை விரித்து இழுத்துத் தூணோடு கட்டினான். தண்ணீர் இல்லாத பட்டி, அதற்குள் எந்த மாடு போகப்போகிறது என்று நாங்கள் கேட்கவில்லை. ஒரு முறைதான் கட்டினான், இழுத்துப் பார்க்கவும் இல்லை. அதற்குள் சர்வேயர் வந்து நாலாவது கல் எங்கே ஐயா என்று கேட்டார். அடுக்கின கட்டைக்குப் பின்னால் நேரே பத்தடி என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தான்.

பின்னால் பித்திகீத்தோவில் விசாரித்தோம். எலிகியோ இறந்து ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. மருமகள் இருந்தாள். எங்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். மாமனார் லா நோரியாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லையாம். வழியில் கிடக்கிற கன்றுகளைத் தூக்கிவிடுவது, வேலியைத் திறப்பது, மூடுவது, அவருக்கு வருஷம் முழுக்க அதுதான் வேலை, எதை என்று வீட்டில் வந்து சொல்வார் என்றாள். நாபோர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அந்தப் பெண் பாவம், ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

அதெல்லாம் பிறகு. அன்றைக்கு அளவு முடிந்ததும் வண்டி நிழலில் உட்கார்ந்து அவரைப் பயறும் ரொட்டியும் சாப்பிட்டோம். நாபோர் மூன்று ரொட்டி தின்றான். வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டை நிமிர்ந்து பார்த்தான். அப்போதுதான் கூரை இல்லாதது அவன் கண்ணில் பட்டது.

"தகரம் எங்க?"

காலையிலிருந்தே இல்லை என்றேன். அவன் எழுந்து மறுபடி வீட்டுக்குள் போனான். லிப்ராதாவையும் கூப்பிட்டு எல்லாச் சுவரையும் படிக்கச் சொன்னான். அடுப்படி, அறைகள், வெளிச்சுவர்கூட. வேட்டைக்காரர், கழுதை, காதலர் பெயர், எல்லாம் இருந்தது. தகரத்தைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

வண்டி கிளம்பியதும் ஆரம்பித்தான். இருபத்துநாலு தகரம். எர்மோசியோ பட்டணத்திலிருந்து அப்பாவும் அவனும் கொண்டுவந்தது. ஆணி அடித்தது எவெரார்தோ, இரண்டு விரல் நசுங்கியது. அப்படிப்பட்ட தகரம்.

"காப்பித்தூள் ரெண்டு கை எடுத்தவன் எழுதி வச்சிருக்கான். இருபத்துநாலு தகரத்த அவுத்துட்டுப் போனவன் ஒரு வார்த்த எழுதினானா? எழுதறதுக்கு என்ன, கரியா இல்ல?"

கரி நிறைய இருக்கிறது என்றாள் லிப்ராதா. அப்படியானால் அவன் எப்படிப்பட்ட ஜென்மம் என்றான். கெட்ட ஜென்மம்தான் என்றேன் நான். யாராயிருக்கும் என்று ஒவ்வொரு பண்ணையாகப் பெயர் சொன்னான். இவன் தாத்தா சரியில்லை, அவன் மாமன் ஏற்கெனவே ஒரு சேணத்தைத் தூக்கினவன் என்று வம்சத்தோடு அலசினான். மாட்டுக் கூட்டம் ஒன்று பாதையைக் கடந்தது. சூட்டுக்குறியைப் பார்க்கத் தலையை வெளியே நீட்டினான், இது யாருடையது என்று என்னைக் கேட்டான், பதிலுக்குக் காத்திருக்காமல் மறுபடி தகரத்துக்குப் போனான். தார்ச்சாலை வரும்வரை அந்தக் கள்ளனைத் திட்டிக்கொண்டே வந்தான். லிப்ராதா ஒரு தடவைகூட அவனை அமர்த்தவில்லை. பேச்சு நடுவில் நின்றுவிடக் கூடாதே என்பதுபோல வண்டியை மெதுவாகவே ஓட்டினாள்.